வாசலைவிடப் பெரிய அலமாரி

புதுச்சேரி,
20 ஜனவரி 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்குத் தங்கை தையல்நாயகி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருத்திதான். ஆனாலும் கடிதத்தில் வழக்கத்தை விட மனம் வரவில்லை. சைகோனில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் மூலக்குளத்து வீட்டை விட்டு வந்துவிட்டேன். கார்த்திகையில் உங்கள் மாப்பிள்ளை சந்திரகலா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததை உங்களுக்கு எழுதியிருப்பார். பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லை என்பது காரணம். காரணத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெண்ணோடும் இல்லை. அவள் வந்து ஒரு மாதம் ஆனதும் அவர் என்னைக் கூப்பிட்டு, என் பெட்டியை அடுப்பங்கரைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார். பெட்டியைத் தூக்கினேன். தூக்கின கையோடு அடுப்பங்கரையைத் தாண்டிக் கொல்லை வாசல் வழியாகப் போய்விட்டேன்.

அப்பா வீட்டுக்குப் போகலாமென்றால், அதை விற்றுத்தான் நீங்கள் கப்பலேறினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. போக இடம் யோசித்தபோது ஞாபகம் வந்தது.

ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. வைத்திக்குப்பத்துக்குப் போகும் சந்தில் இரண்டு அறை ஓட்டு வீடு. வீட்டுக்காரர் கலியபெருமாள், முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் காகிதக் கட்டுத் தைத்தவர். எதற்கும் காகிதம் கேட்பார். “தனிப் பொம்பளைக்கு வூடு வுடறதுன்னா ஒரு ஆம்பள எழுதிக் குடுக்கணும்மா. அப்பனோ, புருசனோ, அண்ணந்தம்பியோ. சித்திரைக்குள்ள வரலன்னா காலி பண்ணிடணும்” என்றார். அப்பா இல்லை. புருஷனிடம் கேட்பது சிரிப்புக்கு இடம். மிச்சம் நீங்கள். உங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன்:

‘மேற்படி வீட்டில் என் தங்கை தையல்நாயகி என் சம்மதத்தோடு குடியிருக்கிறாள். அவள் நடத்தைக்கு நான் பொறுப்பு.’

கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பவும்.

ஊர் திரும்பும் பிரெஞ்சுக்காரர்கள் தூக்கிப்போகாததையெல்லாம் கொல்லைக் கதவோரம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அங்கே ஒரு முக்காலி கிடைத்தது. எனக்குக் கிடைத்தபோது அதற்கு இரண்டு கால்தான். மூன்றாவது காலை விறகுக் கட்டில் இருந்து பொறுக்கி, செதுக்கிப் பொருத்தினேன். இந்தக் கடிதத்தை அதன்மேல் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
நானும் முக்காலியும் நலம் என்று தெரிவித்துக்கொள்ளும்
தையல்நாயகி


சைகோன்,
14 பிப்ரவரி 1955

சௌபாக்கியவதி தையல்நாயகிக்கு அண்ணன் ஆசீர்வாதம். நான் நலம். முழங்கால் வலி குறைந்தது. உன் கடிதம் படித்ததும் தலைவலி வந்தது.

மாப்பிள்ளையும் எழுதியிருந்தார். உன்னைப் போகச் சொல்லவில்லை என்கிறார். பெட்டியைத்தானே நகர்த்தச் சொன்னார்? சுற்றத்தில் இரண்டு பெண்டாட்டி உள்ள வீடுகள் இல்லையா? அங்கெல்லாம் அடுப்பங்கரை இல்லையா?

இந்தக் கடிதத்தை என் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன், இருந்தாலும் சொல்கிறேன். கருங்காலி. மேலே வெள்ளைப் பளிங்கு. ஓரம் முழுக்கச் சிப்பியில் நாரைகள் பதித்தது. நாலு காலும் புலிப் பாதம். மதிய வெயிலிலும் பளிங்கில் முழங்கை வைத்தால் குளிர்ச்சி. குடும்பம் என்பதும் அப்படித்தான். கனமாக இருக்கும், ஆனால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம். நீ அதை விட்டுவிட்டு, யாரோ எறிந்த முக்காலியின்மேல் குனிந்து கடிதம் எழுதுகிறாய். வாசகத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. மூலக்குளம் திரும்பிப் போ.

உன் நன்மையை நாடும்,
ஆ. சக்கரபாணி


புதுச்சேரி,
10 மார்ச் 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் நானும், முக்காலியும், புதிதாக வந்த நாற்காலியும் நலம். மேசையின் நலத்துக்கு எழுதவும்.

குடும்பத்தின்மேல் சாய்ந்துகொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். மூலக்குளத்து வீட்டில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. பதினோரு வருஷம் அதைத் துடைத்திருக்கிறேன். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

இங்கே வந்த நாற்காலி வெறும் சட்டம். இருக்கைப் பிரம்பு முழுக்கப் பிய்ந்துபோயிருந்தது. பிரம்பு வாங்க வசதியில்லை. பக்கத்து வீட்டுச் சின்னப்பாப்பா மீன் விற்பவள். அவள் வீட்டில் கிழிந்த வலைக்குப் பஞ்சமில்லை. அந்தக் கயிற்றைப் பிரித்து, முறுக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்ன ஆரம்பித்தேன். ஆலையில் பழகிய கை.

“இன்னாடி இது, நாற்காலிக்கு வலையா? குந்துறவங்க மீனாட்டம் மாட்டிக்குவாங்கடி” என்றாள்.

“மாட்டட்டும்” என்றேன்.

பின்னல் பாதியில் இருந்தபோது உங்கள் மாப்பிள்ளை வில்வண்டி கட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போக வந்தார். நாற்காலியின்மேல் துணி போட்டு மூடியிருந்தேன். வீட்டில் நாற்காலி என்று ஒன்று இருந்தால் அது தமக்குத்தான் என்று அவருக்குப் பழக்கம். யாரையும் கேட்காமல் நேரே போனார். பின்னல் இன்னும் முடியவில்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

இடுப்பு வரை உள்ளே போய்விட்டார். முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட்டன. வண்டிக்காரரும் சின்னப்பாப்பாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். “பாத்தியா, மொத நாளே பெரிய மீனு” என்றாள் அவள், பக்கத்தில் அவர் இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல். வண்டி காலியாகத் திரும்பியது.

மறுநாள் பின்னலை முடித்தேன். இப்போது நன்றாகத் தாங்குகிறது. கொஞ்சம் மீன் வாசனை அடிக்கிறது. மழைக்காலம் போனால் போய்விடும் என்கிறார்கள். வாசகத்தை இன்னொரு படி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார்.

இப்படிக்கு,
தையல்நாயகி


சைகோன்,
18 ஏப்ரல் 1955

தையல்நாயகிக்கு. நலம். மேசையும் நலம், நீ கேலியாகக் கேட்டாய் என்று தெரிந்தும் பதில் சொல்கிறேன்.

மாப்பிள்ளை ‘அவமரியாதை’ என்று மட்டும் எழுதியிருந்தார். நாற்காலி என்ற சொல்லே அவர் கடிதத்தில் இல்லை. நீ எழுதியபிறகுதான் விவரம் தெரிந்தது. உன் கணவர் என்பதை விடு, வயதில் பெரியவர் என்றாவது நினைத்தாயா? இரண்டாவது படியையும் கிழித்துவிட்டேன். மூன்றாவது படி எழுதிக் காகிதத்தை வீணாக்காதே.

இங்கேயும் பிரெஞ்சுக்காரர்கள் சிலர் ஊர் திரும்புகிறார்கள். எங்கள் கப்பல் கம்பெனிக்கு அது பொருந்தாது. குமாஸ்தாக்கள் யாரும் பயப்பட வேண்டாமென்று டைரக்டரே எல்லோருக்கும் கை குலுக்கிச் சொன்னார். அவர் போன வாரம் கப்பலேறினார்.

உன் நன்மையை நாடும்,
ஆ. சக்கரபாணி


புதுச்சேரி,
22 மே 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் நான், முக்காலி, நாற்காலி, ஒரு பெஞ்சு ஆகியோர் நலம். சித்திரை போய்விட்டது. கெஞ்சிக் கேட்டதில் வீட்டுக்காரர் ஆடி முடிய அவகாசம் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது படி எழுதவில்லை. வேறு விஷயம் எழுதுகிறேன். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய நீதிபதி வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. கட்டில், கண்ணாடி, விளக்கு எல்லாவற்றுக்கும் போட்டி. கடைசியில் சுவரோரம் ஒரு பலகைக் குவியல் மிஞ்சியது. நல்ல வாதுமை மரம். ஆனால் ஓர் ஆணிகூட இல்லை, எதுவும் எதோடும் ஒட்டவில்லை. உடைந்த சாமான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஏலம் போட்டவரே “விறகு, ஒரு கட்டு” என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

காரணம் இதுதான். பலகைகளின் ஓரத்தில் உளியால் கீறிய குறிகள் இருந்தன. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, பிறகு பெருக்கல் குறி. கன்னியர் பள்ளிக் கடிகாரத்தில் இருந்த அதே ரோமன் எண்கள். அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வீட்டு மணிக்காகக் காத்திருந்ததுதான் நான் அங்கே ஒழுங்காகப் படித்த ஒரே பாடம். அது உடைந்த சாமான் இல்லை. கப்பலில் ஏற்றுவதற்காகக் கழற்றி, பிறகு வேண்டாமென்று விட்ட அலமாரி.

ஏலத்துக் குமாஸ்தா ரசீது எழுதினார். பெயர் கேட்டார், சொன்னேன். முகவரி கேட்டார், இந்த வீட்டைச் சொன்னேன். பிரெஞ்சில் எழுதி, முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தார். பிரெஞ்சுக்காரர் போய்விட்டாலும் முத்திரை இன்னும் இங்கேதான் இருக்கிறது.

தள்ளுவண்டியில் பலகை பலகையாகக் கொண்டுவந்து, அறைக்குள் வைத்து, ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு என்று கோத்து, மர ஆணி இறக்கினேன். சின்னப்பாப்பா புருஷன் படகு செப்பனிடுபவர். உளியும் கொட்டாப்புளியும் அவருடையவை. ஏழடி உயரம், ஐந்தடி அகலம், இரண்டரை அடி ஆழம். உள்ளே வைக்க என்னிடம் நாலு புடவை இருக்கிறது. அவை ஒரு மூலையில் நிற்கின்றன, பெரிய கோவிலில் நாலு பேர் மாதிரி.

இப்படிக்கு,
தையல்நாயகி


சைகோன்,
2 ஆகஸ்ட் 1955

தையல்நாயகிக்கு. நலம். வேலை அதிகம், அதனால் தாமதம்.

என் கடமையை நான் செய்துவிட்டேன். நீ முதல் கடிதத்தில் எழுதிய முகவரிக்கு, கலியபெருமாள் என்பவருக்குப் போன மாதம் ஒரு கடிதம் எழுதினேன். என் சம்மதம் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே. இருக்க இடமில்லை என்றால் திரும்பிப் போவாய் என்றுதான். மனிதனுக்கு ஒரு வீடு வேண்டும், தையல்நாயகி. அது இல்லாமல் போவது என்னவென்று உனக்குத் தெரியாது.

அண்ணன்


புதுச்சேரி,
28 ஆகஸ்ட் 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் யாவரும் நலம். எப்படி என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதம் வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தது. ஆவணி முதல் தேதி காலையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கூடவே கொளஞ்சி, அம்மாவாசை என்று இரண்டு சுமையாட்கள். சந்தில் நின்று கடிதத்தை உரக்கப் படித்தார். உங்கள் தமிழ் நன்றாக இருந்தது. ‘அன்னாளின் நடத்தைக்கு அடியேன் பொறுப்பல்ல’ என்ற இடத்தில் நாலு வீட்டுக் கதவு திறந்தது.

முக்காலியை வெளியே வைத்தார்கள். நாற்காலியை வைத்தார்கள். பெஞ்சை வைத்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிறகு அலமாரிக்குப் போனார்கள்.

நிமிர்த்தினால் நிலையின் தலையில் முட்டியது. படுக்கப் போட்டால் பக்கம் இடித்தது. குப்புறத் திருப்பினார்கள், மல்லாக்கத் திருப்பினார்கள். இந்த வீட்டு வாசல் அகலம் இரண்டே கால் அடி. கொல்லை வாசல் இன்னும் குறுகல். அலமாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டரை அடிக்குக் குறையாது.

“யக்கா, இது எப்பிடி உள்ள வந்துச்சி?” என்றார் கொளஞ்சி.

“வாசல் வழியாத்தான்” என்றேன்.

அம்மாவாசை வாசலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நிலைய பேத்துடலாங்களா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டார்கள். உத்தரம் அந்த நிலையின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நிலை போனால் ஓடு போகும், ஓடு போனால் வீடு போகும். “அப்ப கோடாலி போட்டுப் பொளந்துடலாம்” என்றார்கள்.

“பொளங்க. அதுக்கு முன்னால இதையும் படிச்சிடுங்க. இவ்ளோ நேரம் அண்ணன் காகிதத்தப் படிச்சீங்களே” என்று ரசீதை நீட்டினேன்.

முத்திரையைப் பார்த்ததும் கலியபெருமாள் செருப்பைக் கழற்றினார். முப்பது வருஷப் பழக்கம். கால் தானாகவே கழற்றியிருக்கும். எழுத்துக்கூட்டிப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் இறங்கியது.

“மதாம் தையல்நாயகின்னு போட்டிருக்கு.”

“ஆமா.”

“குடியிருக்கிற எடம்னு நம்ம வூட்ட போட்டிருக்கு.”

“ஆமா.”

“சர்க்கார் முத்திர குத்தியிருக்கு.” இரண்டு காகிதத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். “அண்ணன் காகிதத்துல முத்திர இல்லியே.”

“அவரு வெறும் அண்ணந்தானே” என்றேன்.

அவர் முடிவு இது. முத்திரை போட்ட காகிதம் நான் இங்கே குடியிருப்பதாகச் சொல்கிறது. முத்திரை போடாத காகிதம் கூடாது என்கிறது. முத்திரை போட்டதைத்தான் மனுஷன் நம்ப வேண்டும். ரசீதைப் படியெடுத்துத் தைத்து வைத்துக்கொண்டார். ஆம்பளைக் காகிதம் இனி வேண்டாம். கொளஞ்சியும் அம்மாவாசையும் முக்காலியை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது கலியபெருமாள், துரைசானியைக் கூப்பிடுவது போல, “வரேங்க மதாம்” என்றார்.

அன்று சாயங்காலமே அலமாரி ஓரத்திலிருந்த எண்களை இழைப்புளி போட்டு இழைத்துவிட்டேன். எது எங்கே கழலும் என்பது இனி எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்கள்மேல் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது; அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்று கேட்க வேண்டும். உங்கள் போன கடிதத்தில் வரிகள் மேடும் பள்ளமுமாக இருந்தன. இடையிடையே பேனா காகிதத்தைக் குத்திக் கிழித்திருந்தது. அது பளிங்கின்மேல் எழுதிய எழுத்து இல்லை. மடியில் வைத்து எழுதியது. முக்காலி கிடைப்பதற்கு முன் எனக்கும் அப்படித்தான் வந்தது. மேசை என்ன ஆயிற்று?

இப்படிக்கு,
தையல்நாயகி


சைகோன்,
30 செப்டம்பர் 1955

அன்புள்ள தங்கைக்கு. நான் நலம். மேசை நலம். எழுத்துக் கோணலுக்குக் காரணம் கண்ணாடி மாற்ற வேண்டியிருப்பது.

வீட்டுக்காரருக்கு நான் எழுதியதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. ‘வெறும் அண்ணன்’ என்ற இடத்தை இரண்டு முறை படித்தேன்.

என்னோடு வேலை பார்க்கும் இராமதாஸ் என்பவர் ஊர் திரும்ப எண்ணுகிறார். கம்பெனி நன்றாகத்தான் நடக்கிறது. அவருக்கு ஊர் ஞாபகம், அவ்வளவுதான். வாடகைக்கு ஓர் அறை தேடுகிறார். உன் வீட்டில் உள் அறை எவ்வளவு அகலம்? காற்று வருமா? கிணறு எவ்வளவு தூரம்? அவருக்கு முழங்கால் வலி உண்டு. அவருக்காகத்தான் கேட்கிறேன்.

அண்ணன்


புதுச்சேரி,
25 அக்டோபர் 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் யாவரும் நலம். உங்கள் நண்பர் இராமதாஸ் அவர்களின் முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லவும்.

உள் அறை எட்டடிக்குப் பத்தடி. கடல் காற்று சாயங்காலம் வரும், வலைகளின் வாசனையையும் கூட்டிக்கொண்டு. கிணறு இருபது தப்படி.

தெற்கே ஒரு மாடி வீட்டை இடித்தார்கள். படிக்கட்டுக் கைப்பிடித் தூண்கள் நாலு கொண்டுவந்தேன். கடைசல் வேலை, நல்ல தேக்கு. பழைய படகுப் பலகைகளை அடியில் போட்டு ஒரு கட்டில் செய்துகொண்டிருக்கிறேன். நாலு மூலையிலும் தூண், மேலே கொசுவலைக்குச் சட்டம். நண்பர் எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் உயரமென்றே வைத்து அளவெடுத்துவிட்டேன்.

வருபவருக்கு இந்த வீட்டில் ஒரே ஒரு விதி. நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். கேட்டுவிட்டு உட்கார வேண்டும். அது நான் உட்காரும் நாற்காலி.

சொந்தக் குடும்பத்துக்குள் இதெல்லாம் எழுத வேண்டியதில்லை என்பார்கள். மூலக்குளத்து நாற்காலி விஷயமும் அப்படிச் சொல்லாமல்தான் இருந்தது.

இப்படிக்கு,
தையல்நாயகி


கொழும்பு, கப்பலிலிருந்து,
12 டிசம்பர் 1955

தங்கை தையல்நாயகிக்கு. இராமதாஸ் என்று யாரும் இல்லை. நான்தான் வருகிறேன். மதராஸில் இறங்கிக் கப்பல் கம்பெனி ஆபீசில் ஒரு வாரம் காகித வேலை. அங்கே எழுதினால் கிடைக்கும்.

ஜூன் மாதமே சைகோன் கம்பெனியை மூடிவிட்டார்கள். வீடு கம்பெனியுடையது. கலியபெருமாளுக்கு எழுதிய கடிதத்தை, சாமான் எல்லாம் போன அறையில், தரையில் உட்கார்ந்து எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று பல நாள் யோசித்துப் பார்த்தேன். என் சம்மதத்துக்காக ஓர் இடத்தில் ஒரு காரியம் நிற்கிறது என்பது அப்போது எனக்கு வேண்டியிருந்தது.

மேசையை முதலில் விற்றேன். இரண்டு ஆட்கள் வந்து தூக்கிப்போனார்கள். வாசலில் எங்கேயும் இடிக்கவேயில்லை.

ஒரு பெட்டி மட்டும் கொண்டுவருகிறேன். உன் வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன காகிதம் கேட்பாரோ தெரியவில்லை.

ஆ. சக்கரபாணி


புதுச்சேரி,
17 டிசம்பர் 1955

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு வணக்கம். இவ்விடம் யாவரும் நலம். நீங்கள் வந்தபிறகு இதை எழுத எனக்கு வாய்ப்பு இருக்காது, ஆகவே நன்றாக ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

நீங்கள் பயந்தபடியே கலியபெருமாள் காகிதம் கேட்டார். “புதுசா ஒரு ஆம்பள வந்து தங்கறதுன்னா வூட்டுல இருக்கிறவங்க எழுதிக் குடுக்கணுங்க மதாம். யாரு எவுருன்னு தெரியணுமில்ல” என்றார். வாசகம் என்னிடம் தயாராக இருந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தைத்து வைத்துக்கொண்டார். நீங்கள் பார்க்க ஒரு படி:

‘மேற்படி வீட்டில் என் அண்ணன் சக்கரபாணி என் சம்மதத்தோடு குடியிருப்பார். அவர் நடத்தைக்கு நான் பொறுப்பு.’

மதராஸிலிருந்து வரும் பஸ்ஸில் இறங்கி, வைத்திக்குப்பத்துச் சந்தில் மதாம் வீடு என்று கேளுங்கள், காட்டுவார்கள். பெட்டியை எங்கே வைப்பதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்குப் பிடித்த இடத்தில் வைத்துக்கொள்ளலாம். அலமாரியில் நிறைய இடமும் இருக்கிறது.

கட்டில் முடிந்துவிட்டது. உள் அறையில் வைத்தே தூணையும் பலகையையும் பூட்டினேன். எண் எதுவும் போடவில்லை. முடித்தபிறகுதான் அளந்து பார்த்தேன்: அதுவும் வாசலில் நுழையாது.

இப்படிக்கு,
தையல்நாயகி